ஒரே லேப்டாப்பில் பல யுஎஸ்பி மிடி கண்ட்ரோலர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் இப்போது மெல்லிசைக் குழு மேடை ஏறினால் கீபோர்டுக்காரர் பக்கத்தில் லேப்டாப்பும் அதில் செருகிய மூன்று நான்கு மிடி கருவிகளும் இருப்பது வழக்கமாகிவிட்டது. மிடி என்றால் ஒலியை அல்ல, எந்தக் கட்டையை அழுத்தினோம் என்பது போன்ற செய்திகளைக் கணினிக்கு அனுப்பும் முறை. 49 கட்டை கீபோர்டு, தாளத்துக்கு ஒரு பேட், ஒலி அளவுக்கு, மேலும் கீழும் தள்ளும் குமிழ்கள் உள்ள ஃபேடர் பெட்டி, காலால் மிதிக்க ஒரு ஸ்விட்ச் பெட்டி. தனித்தனியாக எல்லாமே ஒழுங்காக வேலை செய்யும். சேர்த்துச் செருகும்போதுதான் தகராறு ஆரம்பிக்கும். கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியவை. மேக் வேறுபடும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

நான்கு கருவிகளைச் செருகினால் மூன்றுதான் மென்பொருளில் தெரிகிறது. எங்கிருந்து தேடுவது?

முதலில் இசை மென்பொருளை மூடுங்கள். எல்லாக் கருவிகளையும் ஹப்பையும் (ஒரு யுஎஸ்பி வாயைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) கழற்றிவிடுங்கள். பிறகு ஒரே ஒரு கருவியை, ஹப் இல்லாமல், லேப்டாப்பிலேயே நேராகச் செருகுங்கள். டிவைஸ் மேனேஜரைத் திறந்து "சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கண்ட்ரோலர்ஸ்" என்ற தலைப்பின் கீழ் அதன் பெயர் வருகிறதா பாருங்கள். வந்தால் மிடி-ஆக்ஸ் போன்ற ஒரு இலவச மிடி மானிட்டரில் கட்டையை அழுத்தி, வரி ஓடுகிறதா பாருங்கள். மேக் என்றால் ஆடியோ மிடி செட்அப்பில் மிடி ஸ்டூடியோ ஜன்னலைத் திறந்தால் போதும். முதல் கருவி சரி என்றானதும் மானிட்டரை மூடி, இரண்டாவதைச் செருகி அதே சோதனை. பிறகு மூன்றாவது, நான்காவது.

எந்த இடத்தில் தடுக்கிறது என்பதுதான் விடை. எந்தக் கருவியை நான்காவதாகச் செருகினாலும் நான்காவதுதான் வராமல் போகிறது என்றால் குற்றம் மின்சாரத்திலோ ஹப்பிலோ இருக்கிறது. எத்தனையாவதாகச் செருகினாலும் குறிப்பிட்ட ஒரே கருவிதான் மக்கர் செய்கிறது என்றால் அதன் கேபிள், அதன் டிரைவர், கடைசியாக அந்தக் கருவி. நான்கும் டிவைஸ் மேனேஜரில் ஒழுங்காக நின்று, மானிட்டரிலும் வரி ஓடி, மென்பொருளில் மட்டும் தெரியவில்லை என்றால் வன்பொருளைத் தொடவே வேண்டாம். வேலை மென்பொருளின் அமைப்புகளில்தான்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் போர்ட்டையும் சேர்த்து மாற்றி, பிரச்சினை தீர்ந்துபோனால், எது தீர்த்தது என்று தெரியாமலே போய்விடும். அடுத்த கச்சேரியில் அதே பிரச்சினை திரும்பி வரும்.

இதில் பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. பல இசை மென்பொருள்கள் திறக்கும்போது இருக்கும் கருவிகளை மட்டுமே பட்டியலில் எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் செருகி, விளக்குகள் எரிந்து நிலைத்த பிறகு மென்பொருளைத் திறப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்துடன் "கோட் 43" அல்லது "கோட் 10" வருகிறது.

மிடி கருவி விஷயத்தில் 43 என்றால் பெரும்பாலும், கருவி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள முயன்று பாதியில் நின்றது என்று பொருள். கேபிளும் மின்சாரமும்தான் முதல் சந்தேகம். 10 என்றால் டிரைவர் தொடங்க முடியவில்லை. தயாரிப்பாளரின் டிரைவரை நீக்கி மறுபடி நிறுவுங்கள். கருவி கிளாஸ் கம்ப்ளையண்ட் வகை என்றால் அதற்குத் தனி டிரைவரே தேவையில்லை, விண்டோஸில் இருப்பதே போதும். பழைய டிரைவர் குறுக்கே நிற்கிறதா என்று பாருங்கள்.

அடாப்டர் இல்லாத ஹப் போதாதா? ஹப் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும். யுஎஸ்பி 2 போர்ட் ஒன்று 500 மில்லியாம்பியர் வரை தரும். யுஎஸ்பி 3 போர்ட் 900 வரை தரும். அடாப்டர் இல்லாத சாதாரண நான்கு வாய் ஹப், வாங்கும் 500-இல் தனக்கென 100 வரை ஒதுக்கிக்கொண்டு மிச்சத்தை நான்காகப் பங்கிடுகிறது. வாய்க்கு 100. சின்ன ஃபேடர் பெட்டிக்கு அது போதும். பல வண்ணத்தில் எரியும் 64 பேட் கொண்ட கருவி 500 வரை கேட்கலாம். அது மட்டுமே ஹப்பின் மொத்தப் பங்கையும் விழுங்கிவிடும்.

உங்கள் கருவி எவ்வளவு கேட்கிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. விண்டோஸில் யுஎஸ்பி டிவைஸ் ட்ரீ வியூவர் என்ற இலவச நிரலில் ஒவ்வொரு கருவிக்கும் "மேக்ஸ்பவர்" என்ற வரி இருக்கும். அது கருவி கேட்டு வைக்கும் உச்ச அளவு. எப்போதும் அவ்வளவு எடுக்கும் என்று அர்த்தமில்லை, ஆனால் கணக்குக்கு அதையே எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக பேட் 480, கீபோர்டு 100, ஃபேடர் 100, மிதி பெட்டி 100 என்றால் மொத்தம் 780. ஹப்புக்கு இன்னும் 100. 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் தாங்கும் என்றாலும், 3 அல்லது 4 ஆம்பியர் உள்ளதை வாங்குவது நல்லது. மலிவான அடாப்டர்கள் மேலே அச்சிட்ட ஆம்பியரைத் தருவதில்லை.

மின்சாரம் போதாததை அறிய மீட்டர் தேவையில்லை. பேட்கள் எல்லாவற்றையும் வெள்ளை நிறத்தில் எரியவிடுங்கள். விளக்கு மங்கினாலோ, பக்கத்துக் கருவி ஒரு முறை அணைந்து எரிந்தாலோ, விண்டோஸ் கருவியைக் கழற்றிச் செருகிய ஓசையை எழுப்பினாலோ கணக்கு உதைக்கிறது என்று அர்த்தம்.

நேரு வீதியிலோ லாரன்ஸ் ரோட்டிலோ கடைக்குப் போகும்போது ஹப்புடன் அடாப்டரும் ஒரே பெட்டியில் வருகிறதா என்று கேளுங்கள். "அடாப்டர் போடலாம்" என்று ஓட்டை மட்டும் வைத்து விற்கும் ஹப்புகளுக்குச் சரியான வோல்ட்டும் முனையும் உள்ள அடாப்டரைத் தேடுவது தனி வேலை. இன்னொன்று: சில மலிவான ஹப்புகள் தங்கள் 5 வோல்ட்டைப் பின்பக்கமாகக் கணினிக்கே அனுப்பிவிடும். கணினியை அணைத்த பிறகு, ஹப் கேபிளைச் செருகியிருக்கும்போது மட்டும் கணினியின் விளக்கு மங்கலாக எரிகிறது, கழற்றினால் அணைகிறது என்றால் அந்த ஹப்பைப் பயன்படுத்தாதீர்கள்.

ஏழு வாய் ஹப் பலவற்றுக்குள் இரண்டு நான்கு வாய் ஹப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். கணினிக்கும் கருவிக்கும் நடுவே ஐந்து ஹப் வரைதான் யுஎஸ்பி விதி அனுமதிக்கிறது. லேப்டாப்புக்குள்ளேயே ஒன்று இருக்கக்கூடும். எனவே ஹப்பில் ஹப் சொருகி நீட்டுவதைத் தவிருங்கள்.

கேபிள் மாற்றினால் சரியாகுமா?

வியக்கத்தக்க அளவுக்கு ஆகும். போன் சார்ஜருடன் வரும் சில கேபிள்களில் மின்சாரக் கம்பி மட்டும் இருக்கும், தரவுக் கம்பி இருக்காது. கருவி விளக்கு எரியும், கணினிக்கு எதுவும் தெரியாது. அதே கேபிளில் போனை இணைத்துக் கோப்பு ஒன்றை நகலெடுத்துப் பாருங்கள். முடிந்தால் தரவுக் கம்பி உண்டு. நீளம் 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. மேடையில் நீளம் வேண்டுமென்றால் நீட்டிப்புக் கேபிள் போடுவதைவிட, அடாப்டர் உள்ள ஹப்பை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் 2 மீட்டர் கேபிள் போடுவது பாதுகாப்பு.

கடற்கரை ஊர்களுக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. கீபோர்டின் பின்னால் உள்ள சதுர வாயை டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் உள்ள வெள்ளை நாக்கின் மேலும் கீழும் இரண்டிரண்டாக நான்கு உலோகப் பட்டைகள். அவை பளபளப்பாக இருக்க வேண்டும். தேவனாம்பட்டினத்துப் பக்கமோ வைத்திக்குப்பத்துப் பக்கமோ ஜன்னலைத் திறந்து வைத்த அறையில் ஒரு மழைக்காலம் இருந்த கருவியில் அந்தப் பட்டைகளின் ஓரம் பச்சையாகவோ மங்கிய பழுப்பாகவோ மாறியிருக்கும். உப்புக்காற்றின் வேலை. கருவியைக் கழற்றி, 99 சதவீத ஐசோபிரைல் ஆல்கஹாலை மெல்லிய பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்து, பத்து நிமிடம் உலரவிட்டுச் செருகுங்கள். கேபிள் முனைக்கும் அதே. தடிமனான குச்சியைத் திணித்தால் நாக்கு உடையும். பயன்படுத்தாத நாட்களில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய பையில் வைப்பது இந்த ஊருக்கு அவசியம்.

ஒரே மாடல் ஃபேடர் பெட்டி இரண்டு இருக்கிறது. மறுபடி தொடங்கும்போதெல்லாம் இடது வலதாகவும் வலது இடதாகவும் மாறிவிடுகிறது. ஏன்?

ஏனென்றால் கணினிக்கு அவை இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்க வழி இல்லை. யுஎஸ்பி கருவி ஒன்று தனக்கென ஒரு சீரியல் எண்ணை அறிவித்தால் அதை எந்த போர்ட்டில் செருகினாலும் விண்டோஸ் அடையாளம் கண்டுகொள்ளும். சின்ன மிடி கருவிகளில் பல அப்படி எண் எதையும் அறிவிப்பதில்லை. அப்போது விண்டோஸ் "இந்த போர்ட்டில் இருப்பது" என்றுதான் நினைவில் வைக்கும். போர்ட் மாறினால் அது புதுக் கருவி. இரண்டாவதற்குப் பெயரின் முன்னால் "2-" என்று ஒட்டிக்கொள்ளும். எது முதலில் விழிக்கிறதோ அது பட்டியலில் முதலாவதாக வரும்.

இதற்கு முதல் மருந்து ஒழுக்கம்தான். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு போர்ட், எப்போதும் அதே போர்ட். கேபிளின் இரு முனைகளிலும் ஹப்பின் வாயிலும் ஒரே நிற டேப் ஒட்டுங்கள்: கீபோர்டுக்குச் சிவப்பு, பேடுக்கு மஞ்சள் என்று. மேடையில் வேறு யாராவது செருகினாலும் தவறு வராது. ஹப்பையும் லேப்டாப்பின் அதே வாயில் செருக வேண்டும். அதை மாற்றினால் அதன் கீழ் உள்ள எல்லாமே புதுக் கருவிகள் ஆகிவிடும்.

இரண்டாவது மருந்து இதைவிட உறுதியானது. மிடிச் செய்திகள் பெரும்பாலும் 1 முதல் 16 வரை ஒரு சேனல் எண்ணுடன் போகும். தயாரிப்பாளர் தரும் எடிட்டர் மென்பொருளில் முதல் பெட்டியை சேனல் 15 ஆகவும் இரண்டாவதை சேனல் 16 ஆகவும் மாற்றிக் கருவியிலேயே சேமித்துவிடுங்கள். இரண்டையும் கேட்கும்படி மென்பொருளை அமைத்து, ஒவ்வொரு ஃபேடரையும் சேனல் எண்ணை வைத்து இணைத்தால் பெயர் எப்படி இடம் மாறினாலும் வேலை மாறாது. எடிட்டருக்குள் போகும்போது ஒரு பெட்டியை மட்டும் செருகியிருங்கள், இல்லையென்றால் எதை மாற்றுகிறோம் என்று தெரியாது.

நோவேஷன் லான்ச்பேட் போன்ற சிலவற்றில் பூட்லோடர் (தொடக்க அமைப்பு) நிலைக்குப் போய் 1 முதல் 16 வரை டிவைஸ் ஐடி மாற்றும் வசதி உண்டு. மேக்கில் மிடி ஸ்டூடியோவில் கருவியின் படத்தை இரு முறை கிளிக் செய்து "இடது ஃபேடர்" என்று பெயரே வைத்துவிடலாம். அங்கும் போர்ட் மாற்றினால் பெயர் கைவிட்டுப் போகலாம்.

நாங்கள் சேர்த்தே வைத்திராத கருவிகள் பட்டியலில் இருக்கின்றன. இதனால் தொந்தரவு உண்டா?

உண்டு. போர்ட் மாற்றி மாற்றிச் செருகியதால் ஒரே கருவிக்குப் பல பதிவுகள் சேர்ந்திருக்கும். பழைய விண்டோஸ் பதிப்புகளில் மிடி இடங்கள் பத்துதான். பழைய பதிவுகள் அவற்றை நிரப்பிவிட்டால் புதிதாகச் செருகும் கருவிக்கு இடமே கிடைக்காது. விண்டோஸ் 7 உள்ள கணினியில் கச்சேரி நடத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

டிவைஸ் மேனேஜரில் "வியூ" மெனுவில் "ஷோ ஹிடன் டிவைசஸ்" கொடுங்கள். மங்கலாகத் தெரிபவை இப்போது செருகப்படாதவை. அவற்றில் மிடி கருவிகளை மட்டும் ஒவ்வொன்றாக "அன்இன்ஸ்டால் டிவைஸ்" செய்யுங்கள். டிரைவரையும் அழிக்கவா என்ற கட்டத்தில் டிக் போடாதீர்கள். மற்றவற்றில் கை வைக்க வேண்டாம். முடிந்ததும் கணினியை "ரீஸ்டார்ட்" செய்யுங்கள். "ஷட் டவுன்" போதாது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் பழைய நிலையிலேயே எழுந்து வரும்.

"நாட் எனஃப் யுஎஸ்பி கண்ட்ரோலர் ரிசோர்சஸ்" என்ற செய்தி வருகிறது. அடாப்டர் உள்ள ஹப்தான் போட்டிருக்கிறேன்.

இது மின்சாரம் பற்றியதே அல்ல. ஒவ்வொரு யுஎஸ்பி கருவியும் தரவு போக, வர, கட்டளை பெற என்று பல வாய்க்கால்களைத் திறக்கும். அவற்றை எண்ட்பாயிண்ட் என்பார்கள். யுஎஸ்பி விதிப்படி 127 கருவிகள் வரை இணைக்கலாம் என்றாலும், பல இன்டெல் யுஎஸ்பி 3 கண்ட்ரோலர்கள் மொத்தம் 96 எண்ட்பாயிண்ட் வரைதான் தாங்கும். கேமரா, ஆடியோ இன்டர்ஃபேஸ் (கணினிக்கு ஒலியை உள்ளேயும் வெளியேயும் கொண்டுபோகும் பெட்டி), கார்டு ரீடர், டாங்கிள், நான்கு மிடி கருவி, நடுவே உள்ள ஹப்புகள் என்று சேர்ந்தால் அந்த எண்ணிக்கை எதிர்பார்ப்பதைவிடச் சீக்கிரம் நிரம்பும். தேவையில்லாதவற்றைக் கழற்றுங்கள். மேசைக் கணினியில் தனி யுஎஸ்பி கார்டு போட்டு மிடியை அதற்கு மாற்றலாம்.

ஃபேடரை நகர்த்தினால் வயலின் ஸ்வரம் வழுக்குகிறது. பிளே பட்டனை அழுத்தினால் பியானோவில் ஒரு கட்டை ஒலிக்கிறது.

ஃபேடர் பெட்டி மேக்கி கண்ட்ரோல் முறையில், அதாவது இசை மென்பொருளின் மிக்சரை இயக்கும் முறையில், இருக்கிறது. அந்த முறையில் எட்டு ஃபேடர்களும் சேனல் 1 முதல் 8 வரை பிட்ச் பெண்ட் (ஸ்வரத்தை வளைக்கும்) செய்தியாகவே பேசும். மாஸ்டர் ஃபேடர் சேனல் 9. நிறுத்து, ஓட்டு, பதிவு செய் ஆகிய பட்டன்கள் 93, 94, 95 என்ற நோட் எண்களாகப் போகும். மானிட்டரைத் திறந்து மூன்றாவது ஃபேடரைத் தள்ளுங்கள்: "பிட்ச் பெண்ட், சேனல் 3" என்று வரிகள் சரசரவென ஓடும். உங்கள் வயலின் டிராக் எல்லா மிடி உள்ளீடுகளையும் கேட்கும்படி இருப்பதால், கீபோர்டின் பெண்ட் சக்கரத்தைத் திருப்பியதாக நினைத்து ஸ்வரத்தை வழுக்கவைக்கிறது. எதுவும் பழுதாகவில்லை. யார் பேச்சை யார் கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை, அவ்வளவுதான்.

கியூபேஸில் ஸ்டூடியோ செட்அப், மிடி போர்ட் செட்அப் போய் அந்தப் பெட்டிக்கு எதிரே "இன் ஆல் மிடி இன்புட்ஸ்" டிக்கை எடுத்துவிடுங்கள். ஏபிள்டன் லைவில் மிடி அமைப்புப் பக்கத்தில் பெட்டியை கண்ட்ரோல் சர்ஃபேஸாகத் தேர்ந்தெடுத்து, அதன் இன்புட் வரிசையில் "ட்ராக்" ஸ்விட்சை அணையுங்கள். கீபோர்டு வரிசையில் மட்டும் "ட்ராக்" எரியட்டும். ரீப்பரில் கண்ட்ரோல் சர்ஃபேஸ் பட்டியலில் சேர்த்த பெட்டியை மிடி இன்புட் பட்டியலில் இயக்காமல் விடுங்கள். எஃப்எல் ஸ்டூடியோவில் எஃப்10 அழுத்தி, ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி போர்ட் எண் கொடுங்கள். ஒரே கருவியின் இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் அதே எண் இருந்தால்தான் விளக்குகளும் மோட்டார் ஃபேடரும் திரும்பிப் பேசும்.

இதோடு சேர்த்து சேனல்களையும் பிரித்துவிடுங்கள். வாங்கும்போது கீபோர்டும் பேடும் பெரும்பாலும் சேனல் 1-இல்தான் இருக்கும். 49 கட்டை, 61 கட்டை கீபோர்டுகளின் இடது ஓரக் கட்டை நோட் 36. பேட்களில் பலவும் தொடங்குவதும் அதே 36, ஏனென்றால் ஜெனரல் மிடி என்ற பொது ஒலிப் பட்டியலில் அதுதான் கிக் டிரம். அதனால்தான் பேடைத் தட்டும்போது பியானோவின் கீழ் ஸ்தாயி சேர்ந்து முழங்குகிறது. கீபோர்டு 1, பேட் 10, மேக்கி முறையில் இல்லாத ஃபேடர் 15, 16 என்று ஒதுக்கிவிட்டால் பாதிச் சண்டை ஓயும்.

ஒரு கட்டையை அழுத்தினால் ஸ்வரம் இரண்டாகக் கேட்கிறது, தகரத்தில் தட்டியது போல.

அதே ஸ்வரம் சில மில்லிசெகண்ட் இடைவெளியில் இரண்டு முறை ஒலித்தால் அப்படித்தான் கேட்கும். மானிட்டரில் பாருங்கள். ஒரு அழுத்தத்துக்கு இரண்டு நோட் ஆன் (கட்டை அழுத்தப்பட்டது என்ற செய்தி) வந்தால், கீபோர்டு யுஎஸ்பி வழியாகவும் ஐந்து முனை மிடி கேபிள் வழியாகவும் சேர்ந்து வருகிறது, அல்லது இரண்டு போர்ட்களாகத் தெரியும் கீபோர்டில் இரண்டையும் இயக்கி வைத்திருக்கிறீர்கள், அல்லது லூப்மிடி போன்ற மெய்நிகர் போர்ட் வழியே செய்தி சுற்றி வருகிறது. ஒரே நோட் ஆன்தான் வருகிறது என்றால், சொந்த ஒலி உள்ள கீபோர்டில் உள் ஒலியும் மென்பொருள் ஒலியும் சேர்ந்து கேட்கிறது. கீபோர்டு மெனுவில் "லோக்கல் கண்ட்ரோல்" ஆஃப் செய்யுங்கள். மிடியில் அதற்கான செய்தி சிசி (கண்ட்ரோல் சேஞ்ச்) 122, மதிப்பு 0.

மானிட்டரில் கருவி வேலை செய்கிறது. இசை மென்பொருளைத் திறந்தால் "கருவி பயன்பாட்டில் உள்ளது" என்கிறது.

மானிட்டரை மூடிவிட்டுத் திறங்கள். விண்டோஸின் பழைய மிடி முறையில் ஒரு கருவியை ஒரு நேரத்தில் ஒரே நிரல்தான் பிடித்துக்கொள்ள முடியும். கருவியின் எடிட்டர், டாஸ்க்பாரில் ஒளிந்திருக்கும் உதவி நிரல், மிடி கேட்கும் பிரவுசர் தாவல் எதுவும் காரணமாகலாம். மேக்கில் இந்தத் தொல்லை கிடையாது.

அரை மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு கருவி காணாமல் போகிறது.

விண்டோஸ் மின்சாரம் சேமிப்பதாக நினைத்து போர்ட்டைத் தூங்கவைக்கிறது. பவர் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் திறந்து "யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்" என்பதை, பேட்டரி, சார்ஜர் இரண்டு நிலைக்கும், டிசேபிள் செய்யுங்கள். பிறகு டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யுஎஸ்பி ரூட் ஹப்பிலும் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் சேமிக்க இந்தக் கருவியை அணைக்க அனுமதிக்கும் டிக்கை எடுங்கள். பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு இவை பழையபடி மாறியிருக்கிறதா என்று ஒரு முறை பார்ப்பது நல்லது.

மண்டபத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டர் வருவதற்குள் லேப்டாப் நிற்கவில்லை, ஆனால் எல்லாக் கருவிகளும் செத்துவிட்டன.

லேப்டாப்புக்குப் பேட்டரி உண்டு, ஹப்புக்கு இல்லை. ஹப்பின் அடாப்டர் ஒரு நொடி இறந்தாலும் அதன் கீழ் உள்ள எல்லாம் கழன்று மறுபடி சேரும். சில மென்பொருள்கள் தாமாக மீட்டுக்கொள்ளும். சில, மூடித் திறந்தால்தான் ஏற்கும். பாட்டு நடுவில் அதற்கு நேரம் கிடையாது. மாசி மகத்துக்குக் கடற்கரைப் பந்தலில் வாசிப்பவர்களுக்கும், மழைக்காலத்தில் மண்டபங்களில் வாசிப்பவர்களுக்கும் இது எப்போது வேண்டுமானாலும் நடக்கக்கூடியது.

வைஃபை ரூட்டருக்கு விற்கும் சின்ன யுபிஎஸ்களில் 5 வோல்ட் வெளியீடு உள்ளது ஒன்றை வாங்கி ஹப்புக்குக் கொடுங்கள். 9, 12 வோல்ட் வெளியீடுகளும் அதே பெட்டியில் பக்கத்தில் இருக்கும். தவறான ஓட்டையில் செருகினால் ஹப்பும் அதன் கீழ் உள்ளவையும் கருகும். மற்ற இரண்டையும் டேப் போட்டு மூடிவிடுங்கள். பவர் பேங்க் வைத்தும் செய்யலாம், ஆனால் சார்ஜ் ஆகிக்கொண்டே மின்சாரம் தரும் வகையாக இருக்க வேண்டும். அதிலும் சில, சுவர் மின்சாரம் வந்து போகும் கணத்தில் வெளியீட்டை ஒரு நொடி துண்டிக்கும். வீட்டில் ஸ்விட்சை அணைத்துப் போட்டுச் சோதித்த பிறகே மேடைக்குக் கொண்டு போங்கள்.

டைப்-சி ஹப் வழியாக லேப்டாப்பையும் சார்ஜ் செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும். சார்ஜரைச் செருகும்போதும் எடுக்கும்போதும் பல ஹப்புகள் எல்லாக் கருவிகளையும் ஒரு முறை துண்டிக்கும். லேப்டாப்பில் இரண்டு டைப்-சி வாய் இருந்தால் ஒன்றைச் சார்ஜருக்கே விட்டுவிடுங்கள்.

சார்ஜர் போட்டால் ஸ்பீக்கரில் உறுமல். கீபோர்டைக் கழற்றினால் குறைகிறது.

சார்ஜரை எடுத்துப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். உறுமல் நின்றால் அது எர்த் சுற்று. மிக்சர் ஒரு பிளக்கிலும் லேப்டாப் மேடையின் மறுகோடியில் வேறு பிளக்கிலும் இருக்கும்போது வரும். இரண்டையும் ஒரே ஸ்பைக் பாக்ஸில் செருகுங்கள். போதவில்லை என்றால் லேப்டாப்பின் ஒலி மிக்சருக்குப் போகும் வழியில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (ஒலி சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) போடுங்கள். மிடி கருவிக்கு மட்டும் யுஎஸ்பி ஐசோலேட்டர் போடலாம்; 12 மெகாபிட் வேகத்து வகை மிடிக்குப் போதும், ஆனால் 480 மெகாபிட் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு அது உதவாது.

உறுமலைப் போக்க மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை உடைப்பதையோ டேப் சுற்றுவதையோ ஒருபோதும் செய்யாதீர்கள். ஈரத் தரையில், உலோக மைக்கை வாயருகே பிடித்து நிற்கும் பாடகரின் உயிர் அந்த முனையில் இருக்கிறது.

ஹப் போட்டால் தாமதம் கூடுமா?

காதுக்குத் தெரியும் அளவுக்குக் கூடாது. மிடி கருவிகள் பெரும்பாலும் 12 மெகாபிட் வேகத்தில் 1 மில்லிசெகண்ட் சுழற்சியில் பேசுபவை. நீல நிற (யுஎஸ்பி 3) போர்ட்டில் போட்டாலும் வேகம் கூடாது. தாமதம் தெரிந்தால் ஆடியோ பஃபரை (கணினி ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவு) பாருங்கள். நொடிக்கு 44,100 மாதிரி வேகத்தில் 256 மாதிரி பஃபர் 5.8 மில்லிசெகண்ட், 1024 என்றால் 23. ஆடியோ இன்டர்ஃபேஸை மட்டும் ஹப்பில் போடாமல் லேப்டாப்பில் நேராகச் செருகுங்கள்.

மிடி லேர்ன் (திருப்பும் குமிழை மென்பொருள் தானே கண்டு இணைத்துக்கொள்ளும் வசதி) கொடுத்தால் நான் திருப்பும் குமிழை விட்டுவிட்டு எப்போதும் வேறு ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது.

எந்தக் கருவியையும் தொடாமல் ஒவ்வொன்றாக மானிட்டரில் பாருங்கள். ஏதோ ஒரு பெட்டியிலிருந்து சிசி 7, மதிப்பு 63, 64, 63, 64 என்று யாரும் தொடாமலே வரிகள் ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஃபேடரின் உள்தடத்தில் தூசியோ ஈரமோ படிந்து, இரண்டு மதிப்புகளுக்கு நடுவே தத்தளிக்கிறது. மிடி லேர்ன் முதலில் வந்த செய்தியைப் பிடிக்கும், அது எப்போதும் இதுவாகவே இருக்கும்.

உடனடி வழி: அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு மற்றவற்றை லேர்ன் செய்யுங்கள், பிறகு அதைச் செருகுங்கள். அல்லது அந்த ஃபேடரை முழுக்கக் கீழே இறக்குங்கள். 0-இல் பெரும்பாலும் அடங்கிவிடும். நிரந்தர வழி: மின்சாரத்தைத் துண்டித்து, பொட்டென்ஷியோமீட்டருக்கென்று விற்கும் கான்டாக்ட் கிளீனரை ஃபேடர் பள்ளத்தில் ஒரே ஒரு சிறு பீய்ச்சல் அடித்து, முப்பது முறை மேலும் கீழும் நகர்த்தி, ஒரு மணி நேரம் உலரவிடுங்கள். துரு நீக்கும் சாதாரண ஸ்ப்ரே வேண்டாம், அதன் எண்ணெய்ப் பிசுபிசுப்பு இன்னும் தூசியை இழுக்கும். இரண்டு முறை செய்தும் அடங்கவில்லை என்றால் ஃபேடரை மாற்ற வேண்டியதுதான். சாலிடர் வேலை தெரிந்தவரிடம் பழைய ஃபேடரின் மதிப்பையும் நீளத்தையும் காட்டி அதே அளவில் வாங்கிப் போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது 10 கிலோ ஓம், பி வகை என்று அதன் முதுகிலேயே பொறித்திருக்கும்.